அரைஞாணுக்கு அடியில் இருந்தது சூடு அல்ல

காவல் உதவி ஆய்வாளர் வாசுகி அவர்களுக்கு,

அம்மா, வணக்கம். இதை இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். சாயந்திரமே எழுதிக் கொடுத்தனுப்புவதாகப் போனில் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு குழந்தை என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். அந்த விரல்கள் தளரும்வரை எழுந்து வர முடியவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டார்கள். விடிந்ததும் முதல் வேலையாக இது தங்கள் கைக்கு வந்துவிடும்.

"நான் எழுதுனா நானா எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க, நடந்தத வரிசையா உங்க கையாலயே எழுதிக் குடுங்க" என்று தாங்கள் சொன்னீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

என் பெயர் அகல்யா, வயது 27, கணவர் பெயர் மதிவாணன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறோம். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன். பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் யூனிட் ஒன்றில் பேக்கிங் பிரிவில் சரக்கைச் சரிபார்த்து அனுப்பும் வேலை செய்கிறேன். என் கணவர் அதே யூனிட்டில் சூளையில் சரக்கு ஏற்றி இறக்குகிறார். எங்களுக்குத் தென்றல் என்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவள் இடுப்பில் இருந்த கருப்புப் புண்ணைக் காட்டித்தான் என் கணவர் தங்கள் நிலையத்தில் கனகா என்பவர் மீது, குழந்தைக்கு ஊதுபத்தியால் சூடு வைத்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

மேற்படி கனகா எங்கள் யூனிட்டின் பழைய கொட்டகையில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நாங்கள் அக்கா என்போம், குழந்தைகள் கனகாம்மா என்பார்கள். தென்றல் தாய்ப்பால் மறந்ததிலிருந்து பகலெல்லாம் அவரிடம்தான் வளர்ந்தாள். குரல் பெரிசு. "ஏய், மூக்க ஒழுகவுட்டுக்கிட்டு என் மடியில வந்து தொடைக்கிற, நான் என்ன உனக்குக் கைக்குட்டையா?" என்று அவர் சத்தம் போடுவது பேக்கிங் மேசை வரைக்கும் கேட்கும். கேட்டால் எங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

இந்த வருடம் ஐப்பசி மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கிய வாரத்தில் தென்றலுக்குக் காய்ச்சல் கண்டது. மழை முடிந்தால் எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் இருப்பது வழக்கம் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டி, அவர்கள் கொடுத்த சிரப்பைக் கொடுத்து வந்தேன். கொடுத்தால் உடம்பு கொஞ்ச நேரம் குளிரும், திரும்பவும் கொதிக்கும். அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியவில்லை. "தலைக்குள்ள யாரோ குதிக்கிறாங்கம்மா, எறங்கச் சொல்லு" என்றாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். கஞ்சி கொடுத்தால் வாந்தி எடுத்தாள்.

அதன்பிறகு ஒருநாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அரைஞாண் கயிற்றை ஒதுக்கிய இடத்தில் அந்தப் புண்ணைப் பார்த்தேன். உளுந்து அளவு இருக்கும். நடுவில் கருகின பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வட்டம். நான் கூப்பிட்டதும் என் கணவர் வந்து பார்த்தார். பார்த்தவர், சூடு பட்ட தன் முன்னங்கையைக் குழந்தையின் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

"சூளகிட்டயே நிக்கிறவன் நான். இது சூடுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணத்தைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களில் சூடு படாத கை கிடையாது. சூளை வண்டியில் படும், தட்டில் படும், ஆறிவிட்டது என்று எடுத்த சரக்கில் படும். கருப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தால் வேறெதுவும் எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. வேறு ஊராக இருந்திருந்தால் இது என்ன புண் என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. யார் வைத்தது என்றுதான் கேட்டார்கள்.

ஜட்டிக்குள்ளே, கயிற்றுக்கு அடியில் தானாகச் சூடு படாது, யாராவது துணியை விலக்கித்தான் வைத்திருக்க வேண்டும் என்று என் கணவர் கணக்குப் போட்டார். குழந்தை பகலெல்லாம் இருக்கும் இடம் கொட்டகை. அங்கே கனகா அக்கா காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார். அவ்வளவுதான். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொட்டகை வாசலில் நின்று, "புள்ளைக்குச் சூடு வெக்கிற கையா உன்னுது?" என்று கத்தியதாகவும், கனகா அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவாப் பேசு மதி, இது இப்பத்தான் தூங்குச்சு" என்று மட்டும் சொன்னதாகவும், அங்கே இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். அதன்பிறகு என் கணவர் நேராகத் தங்கள் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார். நான் புண்ணில் சூட்டுக்குப் போடும் களிம்பைத் தடவி, பிளாஸ்டர் ஒட்டி, கயிற்றை அதன்மேல் விட்டேன்.

காய்ச்சல் நின்றபாடில்லை. அதற்கடுத்த நாள் ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. எல்லோரும் டெங்கு என்றார்கள். பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தேன். அந்தக் கசப்பிலும் அவள் முகம் சுளிக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. டெங்கு இல்லை என்று பரிசோதனை வந்தது. எதிர்வீட்டு ராணி வந்து பார்த்து, "மூஞ்சி நல்லா புசுபுசுன்னு ஆயிட்டுது, தேறிட்டா போலயே" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அதன்பிறகு கால் கொலுசைக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. சதை வீங்கிக் கொலுசை உள்ளே வாங்கியிருந்தது. மார்பிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யார் என்று யோசிக்கிறவள் போலப் பார்த்தாள். உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே குழந்தைகள் வார்டில் இருந்தவர் டாக்டர் துர்காதேவி. அன்றைக்கு வார்டில் கட்டிலுக்கு இரண்டு குழந்தை. அப்படியிருந்தும் அவர் தென்றலைப் பார்த்த விதத்தை நான் எழுதியே ஆக வேண்டும். சட்டை, பாவாடை, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். முடியை வகிர்ந்து மண்டையைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கக்கத்தைப் பார்த்தார், முழங்காலுக்குப் பின்புறம் பார்த்தார். வயிற்றில் கைவைத்து, கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கின்றன என்று நர்சிடம் சொன்னார். அதன்பிறகு அரைஞாணைத் தூக்கினார். பிளாஸ்டரைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அது சூடு டாக்டர். ஒருத்தவங்க வெச்சிட்டாங்க. போலீஸ் கேஸு கூட இருக்குது" என்றேன்.

"கேஸு இருக்கட்டும். பிளாஸ்டர எடுங்க."

எடுத்தேன். அவர் புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினார். குழந்தை சிணுங்கவில்லை. தொடை இடுக்கில் அழுத்தினார், அங்கே நெறி கட்டியிருந்தது. அதன்பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். டாக்டர் கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"நீங்க சூளையில வேல பாக்குறவரு. சூட்டப் பத்தி என்னைய விட உங்களுக்குத்தான் தெரியும். உங்க கையில பட்டப்ப மொத நாளு எப்படி இருந்துச்சு?"

"கொப்புளம் கட்டுச்சிங்க."

"வலிச்சுதா?"

"தூக்கமே இல்லைங்க."

"இந்தக் கொழந்தைக்குக் கொப்புளம் பாத்தீங்களா? அந்த எடத்துல வலிக்குதுன்னு எப்பவாவது அழுதாளா?"

என் கணவர் தன் கையைப் பார்த்தார். பிறகு குழந்தையின் இடுப்பைப் பார்த்தார். "இல்லைங்க" என்றார்.

டாக்டர், இது சூடு இல்லை, கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உண்ணி கடித்த இடம் என்றும், உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர் என்றும் சொன்னார். "இந்தக் கிருமி ரத்தக் குழாயோட உள்பக்கமா ஒக்காந்துக்கும். குழா எங்கெல்லாம் போவுதோ அங்கெல்லாம் தொந்தரவு குடுக்கும். நுரையீரலுக்குப் போனா மூச்சு முட்டும். மூளைக்குப் போனா வலிப்பு வரும். கல்லீரலு, கிட்னி, இதயம் எதையும் விடாது. குழாயில இருந்து தண்ணி கசியுறதாலதான் மூஞ்சியும் காலும் இப்படி வீங்கியிருக்குது."

என் கணவர், "மேல கிளேஸ் பூச்சு போடாத பீங்கான்ல தண்ணி கசியுமே, அது மாதிரிங்களா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான்" என்றார் டாக்டர். பின்னால் அத்தனை பேர் காத்துக்கொண்டிருக்க, அந்தக் கேள்வி முடியும்வரை நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்ததற்குப் போனார்.

அடுத்தது இதுதான். குழந்தை புல், புதர் இருக்கும் இடத்தில் விளையாடினாளா என்று கேட்டார். என் கணவர், "இல்லைங்க, வூட்டுல சிமெண்டு தர, கொட்டகையிலயும் சிமெண்டு தர" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரியும். அப்போது வார்டு வாசலில் இருந்து, "இருக்குதுங்க டாக்டரம்மா" என்று குரல் கேட்டது.

கனகா அக்கா நின்றுகொண்டிருந்தார். அன்று காலை தாங்கள் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். அதை முடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கையில் தென்றலின் மாற்றுப் பாவாடை இருந்த துணிப்பை. என் கணவர் "நீ ஏன் இங்க வந்த?" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"கொட்டகைக்குப் பின்னால ஒடசல் மேடு இருக்குது. வீணாப்போன பீங்கான் கொட்டுற எடம். மழைக்கப்புறம் அங்க இடுப்பு ஒசரத்துக்குப் பொதரு மண்டிக் கெடக்குது. சொப்பு வெச்சி வெளையாட ஒடையாத சின்ன சாமானெல்லாம் கெடைக்கும்னு நான்தான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போவேன். தென்றலு பொதருக்குள்ளயே ஒக்காந்துதான் சமையல் பண்ணும்."

"பாத்தீங்களா டாக்டர், அவளே ஒத்துக்கிட்டா!" என்றார் என் கணவர்.

"ஒத்துக்கல. எனக்குத் தேவையானதச் சொல்றாங்க" என்றார் டாக்டர்.

அதன்பிறகுதான் கனகா அக்கா என் கணவரைப் பார்த்தார். "சூடு வெச்சேன்னு நீ சொன்னது பொய்யி மதி. பொதருக்குக் கூட்டிக்கிட்டுப் போனது நெஜம். ரெண்டையும் எங்க வந்து வேணாலும் சொல்லுவேன்" என்றார்.

அம்மா, இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். குழந்தைகள் உடைசல் மேட்டுக்குப் போகக் கூடாது என்பது யூனிட்டின் உத்தரவு. கை காலைக் கிழித்துவிடும் என்று. அதை மீறியது வெளியே தெரிந்தால் தன் வேலை போகும், ஏற்கெனவே உள்ள புகாருக்கு அது வலு சேர்க்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. அங்கே யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. வாசலிலேயே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தினமும் யோசிக்கிறேன்.

அதன்பிறகு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டேன், புண்ணும் புதரும் எனக்குப் போதும் என்று சொல்லி, உடனே டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கினார். அந்த மருந்து சின்னக் குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்று நான் கல்லூரியில் படித்திருந்ததால் அவரிடம் கேட்டேன். "அது பழைய பயம்மா. கொஞ்ச நாளைக்குக் குடுக்குறதால ஒண்ணும் ஆவாது. அப்படியே ஆனாலும் இதெல்லாம் விழுந்து மொளைக்கிற பல்லு. அது விழுற வரைக்கும் அவ இருக்கணும்ல?" என்றார்.

அன்று மதியமே தென்றலுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. இடது கை மடங்கி, கண்கள் மேலே போய், வலிப்பு வந்தது. நர்சு என்னைக் கட்டிலிலிருந்து நகர்த்தினார். அவர்கள் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அது அடங்கிய பிறகு பார்த்தால் என் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, இன்னொன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டாக்டர் ஆம்புலன்சைத் தயாராக நிறுத்தி வைத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செய்தார், ஆனால் வழியில் இன்னொரு வலிப்பு வந்தால் தாங்காது என்று அனுப்பவில்லை. அவருடைய டியூட்டி முடிந்து வேறு டாக்டர் வந்துவிட்டார். டாக்டர் துர்காதேவி வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "வூட்டுக்குப் போவலையா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். "போயி என்ன பண்றது, அங்கயும் இதத்தான் நெனச்சிக்கிட்டு இருப்பேன். இங்கயாவது கண்ணால பாக்கலாம்" என்றார்.

மறுநாள் பொழுது சாயும்போது காய்ச்சல் இறங்கியது. அதுவரை இறங்கியதெல்லாம் சிரப்புக்கு இறங்கியது, திரும்ப ஏறியது. இது ஏறவில்லை. தென்றல் கண்ணைத் திறந்து, "அம்மா, குதிக்கிறவங்க போயிட்டாங்க" என்றாள். பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவிலும் உண்ணிக் காய்ச்சல் என்றே இருந்தது. அதன் நகலும், புண் தீக்காயம் அல்ல என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவே நடந்த இன்னொன்றும் தங்களுக்குத் தெரிய வேண்டும். தென்றலுக்கு மருந்து தொடங்கிய அன்றைக்கே, மேட்டுக்குப் போன மற்றக் குழந்தைகளையும் உடனே பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டேன், அவர்கள் நாளைக்கு வருவார்கள் என்றும் சொன்னார். கனகா அக்கா "நாளைக்கா?" என்று கேட்டுவிட்டு, பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். குழந்தைக்குச் சூடு வைத்தவள் என்று தெருவெல்லாம் பேச்சாக இருக்கும்போது, அதே தெருவில் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையின் அரைஞாணைத் தூக்கிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். சில பேர் பார்த்தார்கள். சில பேர் கதவைச் சாத்தினார்கள். ராணி வாசலிலேயே மறித்து, "எம்புள்ளைக்கும் வெக்கலாம்னு வந்தியா? துணிய அவுத்துப் பாக்கணுமாம்ல, துணிய! போ, போலீசு உன்னத் தேடப்போவுது" என்று திட்டினார்.

"திட்டு ராணி. நல்லாத் திட்டு. திட்டிக்கிட்டே அவன் டவுசர எறக்கிப் பாரு" என்றிருக்கிறார் கனகா அக்கா.

ராணி திட்டிக்கொண்டே உள்ளே போனாராம். திட்டு பாதியில் நின்றுபோனது. அவர் மகன் பாரிக்கு முழங்காலுக்குப் பின்னால் அதே போல ஒரு கருப்புப் பொருக்கு. காலையிலிருந்துதான் லேசாக உடம்பு சுட்டிருக்கிறது, வெயிலில் ஆடியதால் என்று விட்டிருக்கிறார்கள். உடனே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாரிக்கு வீங்கவில்லை, வலிப்பு வரவில்லை, வார்டில் படுக்கவே இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தென்றலுக்கு ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் தெருவில் டயர் ஓட்டிக்கொண்டிருந்தான். இதை ராணியே என்னிடம் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். கேட்டால் தங்களிடமும் வந்து சொல்லுவார்.

தென்றலை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் என் கணவர் கனகா அக்கா வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். கனகா அக்காதான் கேட்டார், "புள்ள சாப்டுச்சா?" என்று. "ரெண்டு இட்லி" என்றார் என் கணவர். "அப்பப் போ, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார் அக்கா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் கணவரும் அவர் கூட வேலை செய்கிறவர்களும் முழங்கால்வரை துணி சுற்றிக்கொண்டு, உடைசல் மேட்டுப் புதரை வேரோடு வெட்டி எரித்தார்கள்.

அதன்பிறகு என் கணவர் புகாரைத் திரும்பப் பெற நிலையத்துக்கு வந்தார். குழந்தைக்குக் காயம் என்று எழுதப்பட்ட புகார் என்பதால் வாய் வார்த்தை போதாது, தாயின் வாக்குமூலமும் மருத்துவச் சான்றும் வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். அது சரியான நடைமுறைதான். சூடு இல்லை என்றாலும் கவனக்குறைவு என்று ஒரு பிரிவு இருக்கிறது, மேட்டுக்குக் கூட்டிப்போனதை அந்தம்மாவே சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் என் வேண்டுகோள். அவர் அதைச் சொன்னதால்தான் டாக்டருக்கு மருந்தைத் தொடங்கத் தைரியம் வந்தது. புதரில் உண்ணி இருக்கும் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த மேட்டில் தினமும் உடைசல் கொட்டுகிற யாருக்கும் தெரியாது. என் குழந்தையைக் காப்பாற்றிய வார்த்தையையே எடுத்து அவர்மேல் குற்றமாக எழுத வேண்டாம்.

தாங்கள் வார்டுக்கு வந்து தென்றலிடம், "கனகாம்மா உன்ன என்ன பண்ணாங்க?" என்று கேட்டீர்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொப்புல காப்பி குடுத்தேன். சக்கர பத்தலன்னு திட்டுனாங்க" என்றாள். தாங்கள் சிரித்துவிட்டு அதை எழுதாமல் விட்டீர்கள். அதையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கொட்டகை பூட்டியிருக்கிறது. நிலையத்திலிருந்து எழுத்தாக வரட்டும், பிறகு திறக்கலாம் என்று யூனிட்டில் சொல்லிவிட்டார்கள். அதுவரை குழந்தைகளை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லாததால், பெண்கள் அவர்களை வேலை செய்யும் இடத்துக்கே கூட்டி வருகிறார்கள். சரக்குக் கட்டும் வைக்கோல் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்று மதியம் சூளையிலிருந்து வெளியே இழுத்த வண்டியைப் பார்த்து, அடுக்கியிருந்த வெள்ளைச் சாமானைத் தொடுவதற்குப் பாரி கையை நீட்டினான். நான் பேக்கிங் மேசையிலிருந்து ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். என் கைக்குள் இருந்த அந்தச் சின்ன விரல்களை விரித்துப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை. நாளைக்கு நான் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

இதில் எழுதியுள்ளவை நான் கண்டவையும் என் காதால் கேட்டவையும். பிறர் சொல்லித் தெரிந்ததை அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்து, உண்மை என்று அறிந்தே கையெழுத்துப் போடுகிறேன். எந்த நீதிமன்றத்திலும் இதையே சொல்லுவேன்.

கனகா அக்கா மீது தவறில்லை என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ம. அகல்யா
விருத்தாசலம்